மோர்ப் பந்தலுக்கு வந்த தேயிலைக்காரன்

மோர்ப் பந்தலுக்கு வருகிறவர்கள் மோர் கேட்பார்கள். வெல்லம் இடித்துப் போட்ட பானகம் கேட்பார்கள். இவன் இரண்டு கையிலும் காலிக் குடத்தோடு வந்து நின்று தண்ணீர் கேட்டான்.

தையலம்மாள் அகப்பையைக் கீழே வைக்காமலே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குத் தண்ணி?"

"டீ போட."

சாலைக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியைக் கண்ணால் காட்டினான். காலையிலிருந்து அவளுடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்த மாட்டு வண்டி அங்கேதான் நின்றது. ஒரு பக்கம் தகரப் பலகையில் கோப்பையும் கையுமாக ஒரு பெண்ணின் படம்... நடுவில் செம்பினால் செய்த பெரிய கொதிகலம்... அதன் பக்கத்தில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த கிராமபோன் பெட்டி.

அன்று வில்லியனூர்த் தேர். முப்பத்தேழாம் வருஷத்து வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வடம் தொட்டுக் கொடுக்கப் புதுச்சேரியிலிருந்து கவர்னர் துரை வருகிறார் என்று ஊர் ஊராக ஜனம் திரண்டிருந்தது. ஒதியம்பட்டுச் சாலையில் நாலு தென்னங்கீற்றுப் பந்தல் இருந்தாலும், அவள் அப்பா சுப்பராயலு போடும் பந்தல் என்றால் அதற்கொரு பேர். வருஷா வருஷம் பத்து நாளும் மோரும் பானகமும். இந்த வருஷம் என்னடாவென்றால், அவர் பந்தலுக்கு நேர் எதிரே எவனோ கம்பெனிக்காரன் வண்டியை நிறுத்தி, காசில்லாமல் டீ கொடுத்துப் பழக்குகிறான். பெட்டி பாடுகிறது என்று சனம் அங்கே போய் மொய்க்கிறது. அப்பா காலையிலிருந்து மீசையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்கு மட்டும் கோபம் வராதா?

"இது எங்கப்பா தருமத்துக்கு எடுத்து வச்ச தண்ணி. உங்க கசப்புத் தண்ணிக்குக் குடுக்க முடியாது."

"கசப்புன்னு குடிச்சுப் பாத்தா சொல்றீங்க?"

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விரட்டியிருக்கலாம். வியர்வை வழிந்த முகத்தில் அந்தக் கண்கள் மட்டும்... மழைக்கு முந்தின நேரத்துக் கருக்கல் போல, கறுப்பாக, குளிர்ச்சியாக... சே, இதென்ன புத்தி என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் பானகம் ஊற்றிக்கொண்டிருந்த வேலம்மாளுக்குக் கொண்டாட்டம். அவள் தையலம்மாளின் சித்தப்பா மகள். எதற்கும் சிரிப்பு, யாரிடமும் வாய்.

"உங்க பேரு இன்னா?" என்றாள் வேலம்மாள்.

"மணவாளன்."

"யாருக்கு?"

காது நுனி வரை அவனுக்குச் சிவந்துபோயிற்று. தையலம்மாள் வேலம்மாளின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிய வேகத்தில் அவன் கைக் குடங்களை வாங்கி, பெரிய பானையிலிருந்து தண்ணீரை மொண்டு நிரப்பியும் விட்டாள். ஏன் நிரப்பினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பந்தலுக்குப் பின்னால் அவர்கள் நிலத்துக் குட்டையிலிருந்து விடியற்காலையில் ஆட்கள் சுமந்து கொட்டிய தண்ணீர் அது. மோருக்கும் பானகத்துக்கும் அதுதான்.

அதற்கப்புறம் அவளுடைய கை மோர் ஊற்றினாலும் காது சாலைக்கு அந்தப் பக்கமே இருந்தது.

கூட்டத்தைப் பார்த்து அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். முதன்முதல் டீ குடித்தவர் சீன தேசத்து ராஜா ஒருவராம். நோய்க்குப் பயந்து காய்ச்சாத தண்ணீரைத் தொடவே மாட்டாராம். ஒரு நாள் கொதிக்கிற பானைக்குள் காற்று நாலு இலையைக் கொண்டுவந்து போட்டதாம். வாசனை பிடித்துப்போய்க் குடித்தாராம். அந்த இலைதான் இன்றைக்கு நீலகிரியிலும் விளைகிறது. முழு இலை சீமைக்குக் கப்பலேறும், உடைந்த இலை பட்டணத்துக்குப் போகும், அடியில் தங்கும் தூள்தான் நமக்கு... ஆனால் சாயமும் சாரமும் தூளில்தான் என்றான். புதுச்சேரி வெள்ளைக்காரர்கள் காலையில் காப்பியும் ராத்திரியில் திராட்சைச் சாராயமும்தான் குடிப்பார்கள், காய்ச்சல் வந்தால்தான் டீயைத் தேடுவார்கள் என்றான். உங்கள் ஊரில் கூழ் இருக்கிறது, நீராகாரம் இருக்கிறது, கள்ளும் இருக்கிறது, இதையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்றான்.

டீ குடித்தால் ரத்தம் சுண்டிப்போகும் என்று கூட்டத்தில் ஒரு குரல். பிள்ளை பிறக்காது என்று இன்னொன்று. தையலம்மாள் வீட்டில் ஏர் ஓட்டும் கண்ணையன் மட்டும், தனக்குத்தான் பேரப் பிள்ளையே பிறந்தாயிற்றே என்று முன்னால் போய் மண் குவளையை வாங்கினார். ஒரே மூச்சில் குடித்தார். உடம்பெல்லாம் வேர்க்க இந்தப் பக்கம் வந்து, சூடு தணியட்டும் தாயே என்று இரண்டு சொம்பு மோரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம், தேர் நிலைக்கு வரும் நேரத்துக்கு வானம் பொத்துக்கொண்டது. கோடை மழை. புழுதி வாசனை முதலில்... அப்புறம் சடசடவென்று தடித்த துளிகள்... அப்புறம் ஒன்றுமே தெரியாத வெள்ளைத் திரை. வேலம்மாள் தேர் பார்க்கப் போயிருந்தாள். அப்பாவும் ஆட்களும் கோயில் பக்கம் இருந்தார்கள். ஒழுகும் பந்தலுக்குள் தையலம்மாள் நனைந்த கோழி மாதிரி ஒண்டிக்கொண்டு நின்றாள். இரண்டு நாளாக அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதனால் அன்று முழுக்கத் தன் பந்தல் மோரையோ பானகத்தையோ அவள் வாயில் வைக்கவில்லை.

மழைக்குள்ளிருந்து அவன் ஓடிவந்தான். ஒரு கையில் மண் குவளை, மறு கை அதற்கு மூடி.

"காலைல குடுத்த தண்ணிக்கு..." என்று நீட்டினான்.

வாங்கியிருக்கக் கூடாது. அந்நிய ஆண். சாலையோரம். ஊர் பார்த்தால்...? ஆனால் ஆவி முகத்தில் பட்டது. வாங்கிவிட்டாள். ஒரு மடக்கு. துவர்ப்பு, அதன் பின்னால் மெல்ல ஒரு இனிப்பு... கட்டியிருந்த தொண்டையைச் சூடு இதமாகத் தடவிக்கொண்டு இறங்கியது.

"கசக்குதா?"

"கொஞ்சம்," என்றாள். பொய்தான்.

மறுநாள் மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போவதாகவும் அடுத்த வாரம் இந்த வழியாகவே திரும்புவதாகவும் அவன் சொன்னான். அவள் கேட்கவேயில்லை. ஆனாலும் சொன்னான்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் கண்ணையன் செத்துப்போனார்.

வாந்தியும் பேதியுமாகப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, அடையாளமே தெரியாமல் போய்விட்டார். டீ குடித்த முதல் ஆள் அவர்தானே? ஊர் ஒரே வாயாகச் சொல்லியது, தேயிலைக்காரன் விஷத்தைக் கொடுத்துவிட்டான் என்று. அடுத்த நாள் கீழத்தெருவில் இரண்டு வீட்டில் ஒப்பாரி. அதற்கடுத்த நாள் நெசவாளர் தெருவில்.

நானும் குடித்தேனே...

தையலம்மாளுக்கு அந்த நினைப்பு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வயிறு லேசாக இரைந்தால் போதும், உள்ளங்கை ஜில்லிட்டுவிடும். அடிக்கொரு தரம் விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள், சுருங்குகிறதா என்று. யாரிடம் சொல்வது? பாகூரிலிருந்து ஆனி மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். முன்பின் தெரியாதவன் கையால் வாங்கிக் குடித்தவள் என்று தெரிந்தால் அப்பாவின் தலை நிமிருமா? இன்றைக்கா, நாளைக்கா என்று சாவுக்குக் காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. செத்தால் எதனால் செத்தோம் என்பதுகூட யாருக்கும் தெரியாமல்தான் சாக வேண்டும்.

அப்பா வேறு மாதிரி யோசித்தார். அந்நியச் சூடு ஊருக்குள் புகுந்ததால் ஆத்தா கோபப்பட்டிருக்கிறாள், குளிர்ச்சிதான் மருந்து என்றார். திருவிழா முடிந்தும் பந்தலைப் பிரிக்கவில்லை. நோய் கண்ட வீடுகளுக்கெல்லாம் குடம் குடமாக மோர் அனுப்பினார். அதைக் கலக்கியதும் தையலம்மாள்தான். சில வீடுகளுக்குச் சுமந்து போனதும் அவள்தான்.

அப்புறம் வேலம்மாள் படுத்தாள்.

சிரித்த வாய் உலர்ந்து, பாயோடு பாயாகக் கிடந்தவளைப் பார்த்ததும் தையலம்மாள் அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். காதருகே குனிந்து, அன்றைக்கு நீயும் டீ குடித்தாயா என்று கேட்டாள். 

வேலம்மாள் தலையை அசைத்தாள். "இல்லடி... தேர் பாக்கத்தான் ஓடினேனே... மோர்தான். உங் கையாலதான குடிச்சேன்."

தையலம்மாள் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள்.

கண்ணையன் மோர் குடித்தார். வேலம்மாள் மோர் குடித்தாள். நெசவாளர் தெருப் பிள்ளைகள் பந்தலிலேயே பழி கிடந்தவை. நான் மட்டும் குடிக்கவில்லை. நான் குடித்தது டீ. அதுவும் இதே குட்டைத் தண்ணீர்தானே, நான்தானே மொண்டு கொடுத்தேன்? பத்து நாளாகத் திருவிழாவுக்கு வந்த ஜனமெல்லாம் கை கால் கழுவியதும், இன்னும் என்னென்னவோ செய்ததும் அந்தக் குட்டையில்தான். அவன் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தான். காய்ச்சாத தண்ணீரைத் தொடாத அந்த ராஜா... ஐயோ...

இதுவரைக்கும் தன் உயிருக்குப் பயந்தவள், அந்த நிமிஷத்திலிருந்து தன் கைகளுக்கே பயந்தாள். எத்தனை பேருக்கு ஊற்றினேன்...!

தலைமாட்டில் இருந்த மோர்ச் சொம்பை எடுத்து வெளியே கொட்டினாள். அடுப்பை மூட்டித் தண்ணீர் காய்ச்சினாள். ஆற வைத்துச் சொட்டுச் சொட்டாக வேலம்மாளின் வாயில் விட்டாள். அப்பாவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? உங்கள் தருமம்தான் ஊரைக் கொல்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் தெருவில் சத்தம். தேயிலைக்காரன் அகப்பட்டுவிட்டான் என்று ஓடினார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணவாளனைப் பந்தல் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றி உடைந்து ரத்தம் வழிந்தது. வண்டியிலிருந்த குவளைகளெல்லாம் நொறுங்கிக் கிடந்தன. சுற்றிலும் கழியும் கடப்பாரையுமாக ஆட்கள். போலீசுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள், ஆனால் போலீஸ் வரும் வரை பொறுக்கிற முகம் அங்கே ஒன்றுகூட இல்லை. நடுவில் அப்பா.

மதகடிப்பட்டைத் தாண்டினால் பிரிட்டிஷ் எல்லை, விழுப்புரத்துக்காரன் நீ அந்தப் பக்கம் ஓடியிருந்தால் எங்கள் பிரெஞ்சுப் போலீஸ் உன்னைத் தொட்டிருக்க முடியாது, எதற்குத் திரும்பி வந்தாய் என்று அப்பா கேட்டார்.

"சேதி கேட்டேன்," என்றான் மணவாளன். "என் டீயாலதான் செத்தாங்களான்னு தெரிஞ்சுக்க வந்தேன். எனக்குத் தெரியலீங்க... சத்தியமா எனக்கே தெரியல."

அவன் கண்ணிலும் அதே பயம். வேலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து அவள் சுமக்கும் அதே பயம். நாமா கொன்றோம் என்கிற பயம்.

ஒருவன் கடப்பாரையை ஓங்கினான்.

"நானுந்தான் குடிச்சேன்."

தன் குரல்தானா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஓங்கிய கை நின்றது. கூட்டம் திரும்பியது. அப்பா திரும்பினார்.

"நானும் டீ குடிச்சேன்பா. தேர் அன்னைக்கு, இந்தப் பந்தல்லியே, அவரு கையால வாங்கிக் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆவல. வேலம்மா டீயக் கண்ணால பாத்ததோட சரி. மோர்தான் குடிச்சா. அவ கெடக்கறா. ரெண்டும் நம்ம குட்டத் தண்ணிதான்பா. அவரு கொதிக்க வச்சாரு... நாம வைக்கல."

அப்பாவின் கை உயர்ந்தது. தையலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில், கண்ணையனின் பெண்சாதி ஆதிலட்சுமி தலையில் முக்காட்டோடு நின்றிருந்தாள். தன் புருஷன் சூடு தணிய இரண்டு சொம்பு மோர் குடித்ததாகச் சொன்னார் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அப்புறம் இன்னும் மெதுவாக, "எம் பேத்தி டீ குடிக்கல. மோர்தான் குடிச்சுது. அதுவும் போயிடுச்சு," என்றாள்.

ஓங்கியவன் கடப்பாரையைக் கீழே போட்டான்.

சுப்பராயலு பந்தலுக்குள் போனார். ஒரு பானையைத் தூக்கினார், தரையில் போட்டார். மோர் வெள்ளையாகச் சிதறி எல்லோர் காலையும் நனைத்தது. அடுத்த பானை. அதற்கடுத்தது. கடைசிப் பானையையும் உடைத்துவிட்டு, அந்த ஓடுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

தையலம்மாள்தான் போய்க் கட்டை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. விரல் அவன் மணிக்கட்டில் பட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அந்தச் செப்புக் கொதிகலம் ஒதியம்பட்டின் நடுவில் நின்றது. விடிந்தது முதல் பொழுது அடைகிறவரை அதில் தண்ணீர் கொதித்தது. சிலருக்கு வெறும் வெந்நீர், சிலருக்குக் கஞ்சித் தண்ணீர், கேட்டவர்களுக்குக் கடுந்தேநீர். மணவாளன் வீடு வீடாகச் சுமந்தான். உடனே ஒன்றும் நின்றுவிடவில்லை. முன்பே நோய் கண்டவர்களில் சிலர் போகத்தான் போனார்கள். வேலம்மாள் பிழைத்தாள். பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து கிணறுகளில் மருந்து கொட்டினார்கள்; குட்டையைச் சுற்றி முள் வேலி போட்டார்கள். ஆனி பிறந்த பிறகு ஊரில் ஒப்பாரி கேட்கவில்லை.

ஆனால் அப்பா மகளோடு பேசவில்லை. பாகூர்க்காரர்கள் வேறிடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்கும் பேசவில்லை. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல். எதிரே அவள் வந்தால் எழுந்து போனார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. 

கம்பெனி வேலை போய்விட்டது, மணவாளன் விழுப்புரத்துக்கே போகிறான் என்று ஒரு நாள் வேலம்மாள் சொன்னாள். தையலம்மாள் நிமிராமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்த அரிசி மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

போகிற அன்று, தோளில் மூட்டையோடு அவன் வீட்டுக்கு வந்தான். அப்பா களத்து மேட்டில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அவன் போய் அவர் முன்னால் நின்றான். நெடுநேரம் நின்றான். கடைசியில் தட்டுத் தடுமாறி, தானும் உழுது பிழைக்கிற குடும்பம்தான், விழுப்புரத்தருகே கொஞ்சம் நிலம் இருக்கிறது, அவர் பெண்ணைத் தனக்குத் தர மனம் வருமா என்று கேட்டான்.

சுப்பராயலு வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தார். தையலம்மாள் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஊரு எதிர்ல அவ என்னை எதிர்த்துப் பேசனா," என்றார் அவர். குரல் கரகரத்தது. "பேசாம இருந்திருந்தா இன்னும் எத்தினி பேரக் கொன்னுருப்பனோ. அவளப் பாக்கறதுக்கு எனக்குத்தான் மூஞ்சி இல்ல... அங்கதான் நிக்கறா. அவளயே கேளு." வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தூறல் ஆரம்பித்திருந்தது. மணவாளன் தொட்டிக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

"ஒரு பொய் சொல்லிட்டேன்," என்றான் அவன். "அன்னைக்கு எல்லார் எதிர்லயும். என் டீயாலதான் செத்தாங்களான்னு தெரிஞ்சுக்க வந்தேன்னு..."

"அதுக்கு வரலியா?"

"மதகடிப்பட்டுல சேதி சொன்னாங்க. யாரு யாரு செத்தாங்கன்னு நான் கேக்கல. மோர்ப் பந்தல்ல நின்ன பொண்ணு நல்லா கீதான்னுதான் கேட்டேன். எவனுக்கும் தெரியல... அதான் வந்தேன்."

தொட்டித் தண்ணீரில் துளிகள் வட்டம் வட்டமாக விழுந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இமையில் நின்றது தூறலா, வேறா என்று தெரியவில்லை.

"நானும் சாவுக்குத்தான் பயப்படறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள். "அது இல்ல. நீங்க குடுத்ததுதான் கொன்னுச்சுன்னு ஆயிட்டா... சாவறப்போ உங்கள வெறுத்துக்கிட்டே சாவணுமேன்னு... அதுக்குத்தான் அவ்வளோ பயம்."

அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் கீது."

"எதுக்கு?"

அவள் முதன்முறையாக நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"மூட்டையக் கீழ வைக்காம நிக்கறீங்களே..."

மணவாளன் மூட்டையை இறக்கி வைத்தான்.